நாய்க்கு ஐந்து பிறவி, அப்பாவுக்கு ஒன்றுமில்லை

ஒரு நாய் செத்துப்போகிறது. மறுபடி பிறக்கிறது. மறுபடி சாகிறது. இப்படி ஐந்து பிறவி. கடைசிப் பிறவியில் தன் பழைய எஜமானைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. இந்தக் கதையை நம் வீட்டுப் பாட்டி ஒருவரிடம் சொன்னால், ‘விட்ட குறை தொட்ட குறை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் ஓர் அமெரிக்கக் குடும்பத்துக்கு அது அவ்வளவு சுலபமில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் உட்காரலாமா, வேண்டாமா? ஒரு நாய்ப்படத்துக்குப் போய் இப்படி ஒரு கேள்வியா என்று சிரிக்கத் தோன்றும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தேடும் முறையில்தான் கோளாறு இருக்கிறது.

‘எ டாக்ஸ் பர்ப்பஸ்’ 2017இல் வந்த படம். டபிள்யூ. புரூஸ் கேமரன் 2010இல் வெளியிட்ட நாவலை வைத்து லாஸ்ஸே ஹால்ஸ்ட்ரோம் இயக்கினார். நாயின் மனக்குரலாக ஜோஷ் காட் பேசுகிறார். உலகம் முழுக்க 20 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அமெரிக்கத் தரச்சான்று பிஜி. அதாவது, பிள்ளைகள் பார்க்கலாம், பெற்றோர் கொஞ்சம் கவனமாக இருக்கவும்.

கதை இதுதான். முதல் பிறவியில் அது தெருநாய்க்குட்டி. நாய் பிடிப்பவர்கள் கொண்டுபோய்க் கொன்றுவிடுகிறார்கள். சில நிமிடங்களில் முடிந்துபோகும் பிறவி. அடுத்தது பெய்லி. 1960களில் ஈத்தன் என்ற சிறுவனோடு வளர்கிறது. ஈத்தன் வாலிபனாகிறான், ஹன்னாவைக் காதலிக்கிறான், கால்பந்து உபகாரச் சம்பளம் கிடைக்கிறது. பொறாமை பிடித்த சக மாணவன் ஒருவன் வீட்டுக்குள் பட்டாசு கொளுத்திப் போட, வீடு பற்றிக்கொள்கிறது. அம்மாவைக் காப்பாற்றும் ஈத்தன் கால் உடைந்து, விளையாட்டை இழந்து, மனம் கசந்து ஹன்னாவையும் விலக்கிவிடுகிறான். பெய்லி முதுமையில் சாகிறது. பிறகு சிகாகோவில் எல்லி என்ற பெண் போலீஸ் நாய். கடத்தப்பட்ட பெண்ணை ஆற்றிலிருந்து மீட்டுவிட்டுக் குண்டடிபட்டு இறக்கிறது. பிறகு டீனோ என்ற கோர்கி, மாயா என்ற மாணவியின் செல்லம். கடைசியாக, அக்கறையில்லாத ஒரு தம்பதியிடம் மாட்டிக்கொண்டு தெருவில் விடப்படும் நாய். அது மோப்பம் பிடித்துப் போய்ச் சேரும் இடம் ஈத்தனின் பண்ணை. ஈத்தனுக்கு இப்போது வயதாகிவிட்டது. தனிமை. நாய் அவரையும் ஹன்னாவையும் சேர்த்து வைக்கிறது. பழைய விளையாட்டு ஒன்றின் மூலம் தான் பெய்லிதான் என்று புரியவும் வைக்கிறது.

இப்போது படிவத்துக்கு வருவோம்.

*

அமெரிக்காவில் கிறிஸ்தவப் பெற்றோருக்கான திரைப்பட வழிகாட்டி என்பது தனி மரபு. 1934இல் கத்தோலிக்கர்கள் ‘லீஜன் ஆஃப் டீசென்சி’ இயக்கத்தின் பெயரில் தேவாலயங்களில் உறுதிமொழி எடுத்தார்கள், ஒழுக்கக்கேடான படங்களுக்குப் போவதில்லை என்று. அந்த அமைப்பு படங்களை ஏ, பி, சி என்று பிரித்தது. சி வந்தால் ‘கண்டனத்துக்குரியது’. அதே காலத்தில் ஹாலிவுட்டைக் கட்டுப்படுத்திய தயாரிப்பு விதிமுறையை எழுதிய இருவரில் ஒருவர் இயேசு சபைப் பாதிரியார் டேனியல் லார்ட். 1968இல் அந்த விதிமுறை போய், வயது வாரியான தரச்சான்று வந்தது. தடுக்கும் அதிகாரம் கைவிட்டுப் போன பிறகு, பெற்றோருக்கு எடுத்துச் சொல்லும் வேலை மிஞ்சியது. 1985இல் டெட் பேயர் தொடங்கிய ‘மூவிகைட்’ ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு மதிப்பெண் தருகிறது. ஒன்று தரத்துக்கு. இன்னொன்று ஏற்புடைமைக்கு, மைனஸ் 4இலிருந்து பிளஸ் 4 வரை. ‘ஃபோகஸ் ஆன் தி ஃபேமிலி’ அமைப்பின் ‘பிளக்டு இன்’ படத்தைப் பிரிவு பிரிவாக அறுத்து வைக்கும். நல்ல அம்சங்கள், ஆன்மிக அம்சங்கள், பாலியல், வன்முறை, கெட்ட வார்த்தை, மது, போதை என்று தனித்தனிக் கட்டம்.

கிண்டல் செய்ய இதில் ஒன்றுமில்லை. நம் ஊரிலும் தணிக்கை வாரியம் இதே மாதிரிக் கட்டங்களோடுதான் வேலை செய்கிறது. அதுவும் வெட்டும் அதிகாரத்தோடு. 1995இல் வந்த ‘பேப்’ படத்தை நினைத்துப் பாருங்கள். மரியாதையாகப் பேசியே ஆட்டுமந்தையை மேய்க்கும் பன்றிக்குட்டியின் கதை. உலகமே கொண்டாடியது. மலேசியத் திரையரங்குக்கு வரவிடாமல் முதலில் தடுத்தார்கள், கதாநாயகன் பன்றி என்பதால். குட்டி என்ன பேசுகிறது என்பது கட்டத்தில் இல்லை. அது என்ன பிராணி என்பதுதான் இருந்தது. அதோடு ஒப்பிட்டால், பெற்றோரிடம் விவரத்தைக் கொடுத்து முடிவை அவர்களிடமே விடும் முறை எவ்வளவோ மேல்.

நான் தொழிலால் பொறியாளன். பரிசோதனைப் படிவம் எனக்குப் புதிதில்லை. பம்ப்பில் கசிவு இருக்கா, போல்ட் இறுக்கமா இருக்கா, வெப்பநிலை சரியா, டிக், டிக், டிக். மறதியிலிருந்து நம்மைக் காப்பாற்றும் நல்ல சாதனம் அது. ஆனால் மூன்று கட்டத்திலும் டிக் விழுந்த பம்ப், வயர் மாற்றிப் பூட்டியதால் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கலாம். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லையென்றால் யாரும் கேட்க மாட்டார்கள்.

‘எ டாக்ஸ் பர்ப்பஸ்’ படத்தை இந்தக் கட்டங்களில் போட்டால் என்ன விழும்? அன்பு, விசுவாசம், குடும்பம் எல்லாம் நல்ல பக்கம். குடிகார அப்பா, தீவிபத்து, துப்பாக்கிச்சூடு கொஞ்சம் கெட்ட பக்கம். ‘ஆன்மிக அம்சங்கள்’ என்ற கட்டத்தில் சிவப்பு மையில் ஒரே சொல்: மறுபிறவி. மனிதர் ஒருமுறை மரிப்பார், அதற்குப் பிறகு நியாயத்தீர்ப்பு என்பது எபிரெயர் நிருபத்தின் 9ஆம் அதிகாரம் சொல்வது. அந்த விசுவாசத்தில் பிள்ளை வளர்ப்பவருக்கு இந்தப் படம் இடறத்தான் செய்யும். படம் நாய்க்குத்தானே சொல்கிறது, மனிதனுக்கு இல்லையே என்று சிலர் சமாதானம் ஆகலாம். எட்டு வயதுப் பிள்ளை அந்த வித்தியாசத்தைப் பார்க்குமா?

இந்த அச்சத்தில் இலக்கிய வாசகர்களும் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. வீட்டில் நாய் செத்த அன்று பிள்ளை கேட்கும், ‘இனிமே வராதா?’ வரும், வேறு உடம்பில் வரும் என்று இந்தப் படம் பதில் சொல்லிக் கொடுக்கிறது. ஆறுதல்தான். ஆனால் துக்கத்தைத் தொடவே விடாத ஆறுதல். செத்தது இந்த நாய், இந்தக் காது, இந்த வாசனை, இனி அது இல்லை என்பதைப் பிள்ளை ஒரு நாள் தாங்கித்தான் ஆக வேண்டும். இதே ஹால்ஸ்ட்ரோம் 2009இல் ‘ஹாச்சி’ எடுத்தார். செத்துப்போன எஜமானுக்காக ரயில் நிலையத்தில் வருடக்கணக்காகக் காத்திருக்கும் நாய். அங்கே யாரும் மறுபடி பிறந்து வரவில்லை. கெட்ட வார்த்தையோ வன்முறையோ பெரிதாக இல்லாததால் ஜி சான்றிதழ், எல்லாரும் பார்க்கலாம். படிவத்தில் ஹாச்சிதான் சுத்தமான படம். பிள்ளையைத் தூங்கவிடாமல் செய்யும் படமும் அதுதான். மரணத்தை மரணமாகக் காட்டியதால் எனக்கு அது மேலான படம்.

*

சரி, இந்த மறுபிறவி எந்த ஊர் மறுபிறவி?

நமக்குத் தெரிந்த மறுபிறவிக்குள் வினை இருக்கிறது. செய்ததற்கு ஏற்பப் பிறப்பு. இந்தப் படத்தில் அந்தக் கணக்கே கிடையாது. உயிரைக் கொடுத்துப் பெண்ணைக் காப்பாற்றிய எல்லி அடுத்து சொகுசு டீனோவாகப் பிறக்கிறது, சரி. யாருக்கும் தீங்கு செய்யாத டீனோ ஏன் சங்கிலியில் கட்டிக் கிடக்கும் நாயாகப் பிறக்க வேண்டும்? படத்துக்கு அதில் அக்கறை இல்லை. முக்கியமாக, விடுதலை என்ற பேச்சே இல்லை. பிறவியிலிருந்து தப்பிப்பதுதான் சைவமும் பௌத்தமும் சமணமும் வெவ்வேறு மொழியில் சொல்லும் லட்சியம். பெய்லிக்குத் தப்பிக்கும் எண்ணமே இல்லை. திரும்பி வர வேண்டும், அதே ஆளிடம்.

பெரியபுராணத்தில் காரைக்கால் அம்மையார் இறைவனிடம் கேட்பது நினைவுக்கு வருகிறது. இனிப் பிறக்கக்கூடாது என்று கேட்கிறார். அப்படியே பிறந்தாலும் உன்னை மறக்கக்கூடாது என்று அடுத்ததாக. பெய்லி கேட்பது அந்த இரண்டாவது வரத்தை மட்டும். முதலாவது அதற்குத் தேவையில்லை. அப்படிப் பார்த்தால் இது மறுபிறவிப் படமே இல்லை, பக்திப் படம். மாணிக்கவாசகர் தன்னை நாயோடு ஒப்பிட்டுத் திருவாசகம் முழுக்கப் பேசுகிறார். மத்தேயு சுவிசேஷத்தின் 15ஆம் அதிகாரத்தில் கானானியப் பெண்ணும் அப்படித்தான். எஜமானின் மேசையிலிருந்து விழும் துணுக்குகளை நாய்களும் தின்கின்றனவே என்று இயேசுவிடம் வாதாடித் தன் மகளைக் குணமாக்கிக்கொள்கிறாள். இரண்டு மரபிலும் பக்தர் நாயாகிறார். எஜமான் இடத்தில் கடவுள் இருக்கிறார். இந்தப் படத்தில் அந்த இடத்தில் ஈத்தன் உட்கார்ந்திருக்கிறார். கிறிஸ்தவக் கண்ணோடு பார்ப்பவருக்கு நிஜமாக உறுத்த வேண்டிய இடம் இது என்று நினைக்கிறேன். ஐந்து பிறவியின் அர்த்தமும் ஒரு மனிதனின் சந்தோஷம் என்றால் அதற்குப் பெயர் என்ன? விக்கிரகம் என்ற சொல் அவர்கள் அகராதியிலேயே இருக்கிறது.

இதற்குக் கிறிஸ்தவ மரபுக்குள்ளேயே பழைய சண்டை ஒன்று உண்டு. நார்னியா எழுதிய சி. எஸ். லூயிஸ் 1940இல் ‘தி பிராப்ளம் ஆஃப் பெய்ன்’ என்ற நூலை வெளியிட்டார். அதில் விலங்குகளின் வலி பற்றி ஓர் அத்தியாயம். வீட்டு விலங்குக்கு ‘தான்’ என்ற உணர்வு எஜமானோடு உள்ள உறவிலிருந்து கிடைக்கிறது, ஆகவே அதற்கு அமரத்துவம் இருக்குமானால் அது எஜமான் வழியாகத்தான் இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறார். மறுபிறவி என்ற சொல்லை எடுத்துவிட்டால் பெய்லியின் கதை அப்படியே லூயிஸின் யோசனை. இந்தப் படத்தின் தயாரிப்பில் பங்கெடுத்த வால்டன் மீடியாதான் 2005இல் நார்னியாவின் முதல் படத்தையும் தயாரித்தது என்பது பொருத்தமான தற்செயல். பேசும் விலங்குகளும் சூனியக்காரியும் நிறைந்த நார்னியாவுக்குத் தேவாலயங்கள் கூட்டம் கூட்டமாகப் போயின, சிங்கம் கிறிஸ்துவின் உருவகம் என்பதால். நாய் யாருடைய உருவகமும் இல்லை. அதனால் சந்தேகம்.

லூயிஸின் அத்தியாயத்தைப் படித்த ஆங்கிலிக்க ஆன்மிக எழுத்தாளர் ஈவ்லின் அண்டர்ஹில் 1941இல் அவருக்குக் கடிதம் எழுதினார். மனிதன் பழக்கிய விலங்குதான் முழுமையான விலங்கு என்ற கருத்தை அவரால் ஏற்க முடியவில்லை. காட்டு விலங்குக்குக் கடவுளோடு நேரடியாக எதுவும் இல்லையா என்பதுதான் அவர் ஆட்சேபத்தின் சாரம். 2015இல் போப் பிரான்சிஸ் எழுதிய ‘லாவ்தாத்தோ சி’ சுற்றறிக்கையும் மற்ற உயிர்கள் மனிதனின் பயனுக்காக மட்டும் படைக்கப்பட்டவை என்ற எண்ணத்தை மறுக்கிறது. ஆக ‘ஒரு நாயின் நோக்கம் என்ன?’ என்ற படத்தின் தலைப்புக் கேள்விக்குக் கிறிஸ்தவத்துக்குள்ளேயே குறைந்தது இரண்டு பதில் இருக்கிறது. படம் அதில் ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டது. படிவத்தில் இந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை.

அண்டர்ஹில்லின் கண்ணோடு படத்தைப் பார்த்தால் எல்லியும் டீனோவும் வேறு மாதிரித் தெரிகிறார்கள். எல்லி இறந்த பிறகு அவளோடு வேலை செய்த போலீஸ்காரர் கார்லோஸ் என்ன ஆனார்? ஏற்கெனவே தனிமையில் இருந்தவர் அவர். எல்லியின் கண் மூடியதும் படமும் அவர் மேலிருந்து கண்ணை எடுத்துவிடுகிறது. மாயா டீனோவோடு எத்தனையோ வருடம் வாழ்ந்தவள். அந்த அன்பும் ஈத்தனுக்குப் போகும் வழியில் ஒரு பஸ் ஸ்டாப்தான். முதல் பிறவிக் குட்டியின் கொலைக்கு யாரும் அழவில்லை. அதைச் சிறிய நகைச்சுவையோடு கடந்துபோகிறோம். பிள்ளைகள் இதிலிருந்து எடுத்துக்கொள்வது, சில அன்பு முக்கியம், சில அன்பு ஒத்திகை என்பதைத்தான்.

*

படிவம் பார்க்காமல் விட்ட பெரிய விஷயம் இன்னொன்று. ஈத்தனின் அப்பா.

சின்ன வயதில் நாம் பார்க்கும் அப்பா கெட்டவர் இல்லை. வேலையில் முன்னேற முடியவில்லை, குடிக்கிறார், அம்மா மேல் கை ஓங்குகிறார். ஒரு ராத்திரி ஈத்தன் வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்கிறான். அந்த இடத்தில் ஈத்தன் செய்தது சரி. அம்மாவைப் பாதுகாக்க வேறு வழி இல்லை. அடிக்கிறவனை மன்னித்து வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் படத்தை நான் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நாற்பது, ஐம்பது வருடம் ஓடுகிறது. ஈத்தன் கிழவராகிறார். இவ்வளவு காலத்தில் அந்த மனிதர் திருந்தினாரா, செத்தாரா, மகன் அவரை நினைத்தாரா? கதை அவரைத் தேடிப் போவதே இல்லை. பட்டாசு போட்ட பையனும் அப்படித்தான். போலீஸ் பிடித்துக்கொண்டு போனதோடு அவன் கணக்கு முடிந்தது. ஒரு முட்டாள்தனமான ராத்திரியைச் சுமந்துகொண்டு அவனும் எங்கேயோ கிழவனாகியிருப்பான்.

கிறிஸ்தவ விழுமியம் என்ற சொல்லுக்கு ஏதாவது தனி அர்த்தம் இருக்கிறது என்றால் அது மன்னிப்பில்தானே இருக்கிறது? ஊதாரி மகன் கதையில் அப்பா வாசலில் நிற்கிறார். இங்கே வாசலில் நிற்க வேண்டியவர் மகன். நிற்கவில்லை. நாய்க்கு ஐந்து பிறவி கொடுத்த படம் ஒரு மனிதனுக்கு ஒரே பிறவிக்குள் இரண்டாவது வாய்ப்பைக் கொடுக்க மறந்துவிட்டது. படிவம் இந்த மனிதரை ‘மது’ என்ற கட்டத்தில் எழுதி வைத்துக்கொள்கிறது. எத்தனை காட்சியில் குடிக்கிறார் என்று எண்ணிச் சொல்லிவிடும். அவரை யார் மன்னிக்கவில்லை என்று சொல்லாது. மறுபிறவியைப் பிடித்த கண்ணில் கிருபை இல்லாதது படவில்லை.

ஈத்தன், ஹன்னா கதையில் கிருபை இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. வீணாய்ப்போன வாழ்க்கை ஒன்று முதுமையில் திருப்பிக் கொடுக்கப்படுகிறது. டென்னிஸ் குவைட், பெக்கி லிப்டன் இரண்டு பேரும் அந்தக் காட்சிகளை அலட்டாமல் நடித்திருக்கிறார்கள். படத்தின் உண்மையான பலம் அதுதான். இளமையில் கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தைக்கு எத்தனை வருடம் செலவாகும் என்று பிள்ளைகளுக்குக் காட்டும் படங்கள் அதிகம் இல்லை. அதனால்தான் அப்பாவின் வெற்றிடம் கூடுதலாக உறுத்துகிறது. இதைச் செய்யத் தெரிந்த படம் அதையும் செய்திருக்கலாம்.

*

திரைக்கு வெளியே நடந்ததையும் சொல்ல வேண்டும். 2017 ஜனவரியில், படம் வெளியாவதற்குச் சில நாள் முன்பு, ஒரு காணொளி கசிந்தது. எல்லியாக நடித்த ஜெர்மன் ஷெப்பர்ட் ஒன்றைப் பாய்ந்தோடும் தண்ணீரில் இறக்க முயல்கிறார்கள், அது இறங்க மறுக்கிறது. கோபம் கிளம்பியது. பீட்டா புறக்கணிக்கச் சொன்னது. சிறப்புக் காட்சியை ரத்து செய்தார்கள். படப்பிடிப்பில் விலங்குகளைக் கண்காணிக்கும் அமெரிக்கன் ஹியூமேன் அமைப்புக்காக நடந்த விசாரணை, எந்த விலங்குக்கும் காயம் இல்லை, காணொளி திரித்து வெட்டப்பட்டது என்று முடிந்தது. அந்த முடிவை ஏற்றுக்கொள்வோம். அப்போதும் கேள்வி நிற்கிறது. நீதிமான் தன் மிருகத்தின் உயிரைக் கவனிப்பான் என்ற கருத்து நீதிமொழிகள் 12ஆம் அதிகாரத்தில் வருகிறது. ஓய்வுநாள் எருதுக்கும் கழுதைக்கும் சேர்த்துத்தான் என்பது யாத்திராகமம் 23இல். யோனாவின் புத்தகம் நினிவேயின் மிருகஜீவன்களைப் பற்றிய கடவுளின் கேள்வியோடுதான் முடிகிறது. விலங்குப் படத்துக்கு வேதாகம அளவுகோல் வேண்டுமென்றால் இவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. படிவம் கெட்ட வார்த்தையை எண்ணுகிறது. நடித்த நாய் எப்படி நடத்தப்பட்டது என்று கேட்க அதில் கட்டம் இல்லை.

ஆகவே பெற்றோர் யாராவது இந்தப் படத்தைக் காட்டலாமா என்று என்னிடம் கேட்டால், காட்டுங்கள் என்பேன். எட்டு வயதுக்கு மேல், பக்கத்தில் உட்கார்ந்து. மறுபிறவி பற்றி உங்கள் வீட்டு நம்பிக்கை எதுவோ அதைச் சொல்லுங்கள், பிள்ளைகள் அதைத் தாங்குவார்கள். ஆனால் அதோடு எழுந்துபோய்விடாதீர்கள். கார்லோஸ் அங்கிள் இப்போ என்ன பண்ணிட்டிருப்பார்னு கேளுங்கள். ஈத்தனின் அப்பா ஒருநாள் கதவைத் தட்டியிருந்தா ஈத்தன் என்ன செய்திருக்கணும்னு கேளுங்கள். பிள்ளைகளின் பதில் பெரும்பாலும் நம் பதிலைவிட நேர்மையாக இருக்கும்.

கடைசியாக ஒன்றையும் கேட்கலாம். எண்ணாகமம் 22ஆம் அதிகாரத்தில் ஒரு கழுதை பேசுகிறது, பிலேயாமின் கழுதை. பாதையில் நிற்கும் தூதனை எஜமான் பார்க்கவில்லை, கழுதை பார்க்கிறது, ஒதுங்குகிறது, அடி வாங்குகிறது. மூன்று முறை. பிறகு கடவுள் அதன் வாயைத் திறக்கிறார். வாய் திறந்ததும் கழுதை கேட்பது, உனக்கு நான் என்ன செய்தேன், எதற்காக என்னை அடித்தாய் என்பதைத்தான். ‘எ டாக்ஸ் பர்ப்பஸ்’ 100 நிமிடப் படம். அதில் நாய்தான் பேசிக்கொண்டே இருக்கிறது. பண்ணைக்கு ஓடி வந்த நாயை ஈத்தன் முதலில் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார். அப்போதுகூட அது எஜமானிடம் அந்தக் கழுதை கேட்ட மாதிரி ஒரு கேள்வி கேட்பதில்லை. ஏன் கேட்கவில்லை?